வேலையிடத்தில் அடியும் மிரட்டலும்: செலவு யார் தலையில், தடுப்பது எப்படி? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடை, அலுவலகம், வைத்தியசாலை, வீடு, வண்டி என்று கொழும்பில் எங்கே வேலை செய்பவரானாலும், வேலையின் காரணமாக அடியோ மிரட்டலோ தொந்தரவோ வரக்கூடும். வந்தால் என்ன செய்வது, வராமல் தடுப்பது எப்படி என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் சிறிய, நடுத்தரக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். நான் சட்டத்தரணி அல்ல; வழக்கு என்று வந்தால் சட்டத்தரணியிடம்தான் போக வேண்டும். ஆனால், ஓர் அடியின் செலவு எங்கே போய் விழுகிறது என்பதைக் கணக்கு எழுதுபவன் பார்க்காமல் இருக்க முடியாது.

அடித்தால்தான் வன்முறையா? ஏச்சும் மிரட்டலும் அதில் சேருமா?

சேரும். ஐக்கிய நாடுகளின் கிளையான சர்வதேச தொழில் அமைப்பு 2019இல் நிறைவேற்றிய 190ஆம் இலக்க உடன்படிக்கை, உடல், உள, பாலியல், பொருளாதாரப் பாதிப்புகள் நான்கையும் ஒரே வரைவிலக்கணத்துக்குள் கொண்டுவந்தது. ஒரே ஒரு தடவை நடந்திருந்தாலும் போதும். மிரட்டலும் அதில் அடங்கும். இடம் என்று பார்த்தால், வேலைக்குப் போய்வரும் வழி, சாப்பிடும் இடம், முதலாளி கொடுத்த தங்குமிடம், தொலைபேசியில் வரும் செய்தி ஆகியவையும் உள்ளே வருகின்றன.

தங்குமிடத்தைச் சேர்த்தது கொழும்புக்கு மிகவும் பொருந்துகிறது. மலையகத்திலிருந்து வந்து, கடைக்கு மேலேயுள்ள மாடியில் படுத்து, காலையில் கீழே இறங்கி வேலை செய்யும் இளைஞர்கள் இங்கே ஏராளம். இரவில் கதவை இழுத்து மூடிய பிறகு மாடியில் மேற்பார்வையாளர் கை நீட்டினாலும் அது வேலையிட வன்முறைதான்.

உலகத்தில் எத்தனை பேருக்கு இது நடக்கிறது?

சர்வதேச தொழில் அமைப்பு மற்ற இரண்டு நிறுவனங்களுடன் சேர்ந்து 121 நாடுகளில் ஏறக்குறைய 75,000 ஊழியர்களிடம் கேட்டு, 2022 டிசம்பரில் முடிவுகளை வெளியிட்டது. தொழில் வாழ்க்கையில் ஒரு தடவையாவது வன்முறைக்கோ தொந்தரவுக்கோ ஆளானவர்கள் 22.8 வீதம், மொத்தம் 74 கோடிக்கும் மேல். பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களே அதை இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு அதிகம் பேர் சொன்ன காரணங்களில் இரண்டு: சொல்லிப் பயனில்லை, பெயர் கெட்டுவிடும். இரண்டையும் செட்டியார் தெருவிலும் கேட்கலாம், கொட்டாஞ்சேனையிலும் கேட்கலாம்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

பணத்தைக் கையாள்பவர், தனியாக வேலை செய்பவர், இரவில் வேலை செய்பவர், பொதுமக்களின் கோபத்துக்கு நேரே நிற்பவர், வீடு வீடாகவோ வண்டியிலோ போய் வேலை செய்பவர், விலை உயர்ந்த பொருளுக்குக் காவல் இருப்பவர். இந்தத் தன்மைகள் ஒரே ஆளிடம் எத்தனை சேர்கின்றனவோ அத்தனைக்கு ஆபத்தும் கூடும். இரவில் உணவுப் பொதி கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள்காரரை எண்ணிப் பாருங்கள்: தனியாக, இருட்டில், கையில் காசுடன், தெரியாத ஒழுங்கைக்குள் போகிறார்.

வன்முறை எங்கிருந்து வருகிறது என்பதைக் கொண்டு, தொழில்சார் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதை நான்காகப் பிரிக்கிறார்கள். வேலையிடத்துடன் எந்தத் தொடர்பும் இல்லாமல் திருட வருபவன். வாடிக்கையாளர், நோயாளி, பயணி. கூட வேலை செய்பவர் அல்லது மேலதிகாரி. ஊழியரின் சொந்த வாழ்க்கையிலிருந்து அவரைத் தேடி வருபவர். இந்தப் பிரிவு நடைமுறையில் உதவுகிறது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் தடுப்பு வேறு. கமராவும் காவலாளியும் முதல் வகைக்கு ஓரளவு உதவும். மூன்றாவது வகையில் அடிப்பவரே கமராவின் சாவியை வைத்திருக்கக்கூடும்.

இதனால் கடைக்கு என்ன செலவு? எங்கள் கணக்கில் அப்படி ஒன்றும் காட்டவில்லையே?

காட்டாது. கணக்குப் புத்தகத்தில் வன்முறை என்று ஒரு தலைப்பு இல்லை. உடைந்த கண்ணாடி திருத்த வேலையில் போகிறது. பதிலுக்கு வந்த ஆளின் நாட்கூலி சம்பளத்தில் போகிறது. வைத்தியசாலைக்குப் போன முச்சக்கர வண்டிக் கூலி சில்லறைச் செலவில் போகிறது. ஆறு மாதம் கழித்துக் காசாளர் வேலையை விட்டுப் போனால், அவர் போன காரணம் எங்குமே எழுதப்படுவதில்லை. சிதறிக் கிடப்பதால் செலவே இல்லை என்று தோன்றுகிறது.

ஓர் உதாரணக் கணக்கு போடுகிறேன். எண்கள் நான் வைத்தவை. உங்கள் கடை எண்களை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் 60,000 ரூபா வாங்கும் காசாளரை, பொருளைத் திருப்பி எடுக்க மறுத்ததற்காக ஒருவர் பிடித்துத் தள்ளுகிறார். மணிக்கட்டு முறிகிறது; 18 வேலை நாட்கள் வர முடியவில்லை. பதில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,500 வீதம் 45,000 ரூபா. அன்று பாதி நாள் கடை மூடப்பட்டது. நாள் விற்பனை இரண்டு இலட்சம், அதில் இலாபம் பத்து வீதம் என்றால் இழப்பு 10,000 ரூபா. உடைந்த கண்ணாடி அலுமாரி 35,000 ரூபா. இதுவரை 90,000. பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் முதலாளி அலைந்த நாட்கள் இன்னும் சேரவில்லை. புதிய ஆள் விலையும் இருப்பும் பழகும்வரை நடக்கும் பிழைகளும் சேரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மற்ற மூவரும் அன்றிலிருந்து வாடிக்கையாளரிடம் முகம் கொடுத்துப் பேசத் தயங்குவதற்கு எந்தக் கணக்கிலும் எண் போட முடியாது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் அல்ல. வேலையிடப் பாலியல் தொந்தரவினால் 2018இல் அவுஸ்திரேலியாவுக்கு ஏற்பட்ட இழப்பு 380 கோடி அவுஸ்திரேலிய டொலர் என்று அங்கே கணக்கிட்டார்கள். உற்பத்தித் திறன் இழப்பில் முதலிடம் பெற்றது, ஊழியர்கள் வேலையை விட்டுப் போவது. வழக்குச் செலவுக்குத்தான் முதலாளிகள் பயப்படுகிறார்கள்; ஆனால் பணம் கரைவது சத்தமில்லாமல் ஆட்கள் போய்க்கொண்டிருப்பதில்.

ஊழியருக்கு?

மேலே சொன்ன காசாளரையே எடுத்துக்கொள்ளுங்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டம், 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், ஆண்டுக்கு 7 நாள் அமய விடுமுறை (திடீர்த் தேவைக்குச் சம்பளத்துடன் எடுக்கும் விடுமுறை) தருகிறது. அந்த ஏழும் மிச்சம் இருந்து, சம்பளத்தை 26 நாளாகப் பிரித்துக் கணக்கிட்டால், எஞ்சிய 11 நாளுக்கு அவர் இழப்பது ஏறக்குறைய 25,000 ரூபா. வருட விடுமுறை இருந்தால் அதையும் கரைக்கிறார்கள். பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எடுப்பதற்கு ஒரு நாளும் இருக்காது. மருந்து, போக்குவரத்து, அடகுக் கடை வட்டி எல்லாம் அவருடைய தலையில்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். அடியைத் தடுக்கும் அதிகாரம் ஒருவரிடம்; அடியின் செலவு பெரும்பாலும் இன்னொருவரிடம். தடுக்கக்கூடியவரின் கண்ணில் செலவு படும்வரை தடுப்புக்குப் பணம் ஒதுக்கப்படுவதில்லை. ஆகவே முதல் வேலை, செலவை எழுதுவது. ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு பக்கம். அதில் ஊழியர் இழந்த சம்பளமும் சேர வேண்டும்.

எங்களுடையது நாலு பேர் வேலை செய்யும் சின்னக் கடை. பாதுகாப்புக்குச் செலவழிக்கக் காசு எங்கே?

பெரும்பகுதிக்குக் காசு தேவையில்லை. எங்கே சண்டை தொடங்குகிறது என்று பாருங்கள். நான் பார்த்த வரையில் கடைச் சண்டைகளில் பெரும்பாலானவை மூன்று இடங்களில் தொடங்குகின்றன: பொருளைத் திருப்பிக் கொடுப்பது, சொன்ன விலைக்கும் போட்ட விலைக்கும் வித்தியாசம், கடன் வசூல். மூன்றிலும் விதியை வகுத்தவர் முதலாளி. வாங்கிக் கட்டுபவர் காசாளர். அவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை, முதலாளியைக் கேட்காமல் நூறு ரூபாவைக்கூடத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதிகாரம் இல்லாத ஒருவரைக் கோபத்தின் முன்னால் நிறுத்துவதுதான் அடிப்படைத் தவறு.

ஆகவே, காசாளருக்கு ஒரு தொகை வரைக்கும் தானே முடிவெடுக்கும் உரிமை கொடுங்கள். ஆயிரம் ரூபாவா, இரண்டாயிரமா என்பதை உங்கள் வியாபாரம் சொல்லும். ஆண்டு முழுவதும் அப்படிக் கொடுக்கும் பணம் ஒரு கண்ணாடி அலுமாரியின் விலையை எட்டாது. பொருளைத் திருப்பும் விதியைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பெரிய எழுத்தில் காசுப் பெட்டிக்குப் பக்கத்திலும் பில்லிலும் போடுங்கள். விதி சுவரில் இருந்தால் ஊழியர் அதைக் கைகாட்டலாம். இல்லையென்றால் அது அவருடைய சொந்தப் பிடிவாதமாகத் தெரியும்.

அடுத்தது இடம். காசாளர் மூலைக்குள் அடைபட்டு உட்காரக் கூடாது. பின்னால் அல்லது பக்கவாட்டில் வெளியேற வழி இருக்க வேண்டும். கத்தரிக்கோல், கத்தி, படிக்கல் எதுவும் வாடிக்கையாளர் கைக்கு எட்டும் தூரத்தில் வேண்டாம். முன்கண்ணாடி முழுவதும் விளம்பரம் ஒட்டி மறைப்பது கொழும்பில் பழக்கமாகிவிட்டது. அதைக் கிழித்துவிடுங்கள், தெருவிலிருந்து உள்ளே தெரிவது ஒரு காவலாளிக்குச் சமம். வாசலிலும் பின் ஒழுங்கையிலும் நல்ல விளக்கு போடுங்கள்.

காசைப் பெட்டியில் குவிய விடாதீர்கள். மேலே பிளவுள்ள இரும்புப் பெட்டியை நிலத்தோடு பொருத்தி, அவ்வப்போது நோட்டுகளை அதற்குள் போடச் சொல்லுங்கள்; அதன் சாவி கடையில் இருக்கக் கூடாது, அது கடையில் இல்லை என்று எழுதியும் ஒட்ட வேண்டும். வங்கிக்குத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியில், ஒரே பையனை அனுப்பாதீர்கள். இரவில் கதவை மூடும்போது இருவராவது நிற்கட்டும். தீபாவளி, நத்தார், சித்திரைப் புத்தாண்டுக் காலங்களில் கூட்டத்தைச் சமாளிப்பதற்கென்றே ஒருவரை வாசலில் நிறுத்துங்கள்.

கடைசியாக, ஒரு குறிச்சொல். "பெரியவரைக் கொஞ்சம் கூப்பிடுங்கள்" என்று ஒருவர் சொன்னால் நிலைமை கைமீறுகிறது என்று அனைவருக்கும் தெரிய வேண்டும். பக்கத்துக் கடைக்காரர்களோடும் இதைப் பேசி வையுங்கள். குறுக்குத் தெருக்களில் கடைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. அந்த நெருக்கத்தைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய இழப்பு.

கொள்ளையடிக்க வந்தால் எதிர்த்து நிற்க வேண்டுமா?

வேண்டாம். கேட்டதைக் கொடுங்கள். கைகளைத் தெரியும்படி வையுங்கள், திடீரென்று அசையாதீர்கள், துரத்தாதீர்கள். போனபின் கதவைப் பூட்டி 119ஐ அழையுங்கள். அவர்கள் தொட்ட இடத்தைத் தொடாமல் விடுங்கள். முதலாளிக்கு ஒரு சொல்: பறிபோன பணத்தை ஊழியரின் சம்பளத்தில் கழிக்க மாட்டேன் என்று இன்றைக்கே சொல்லுங்கள். கழித்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் ஊழியர்கள் கத்திக்கு முன்னால் பெட்டியைக் கட்டிப்பிடிக்கிறார்கள்.

கோபத்தோடு வருபவரை எப்படி அமைதிப்படுத்துவது?

குரலை உயர்த்தாமல், முகத்துக்கு நேரே நிற்காமல் கொஞ்சம் சாய்வாக, ஒரு கை நீளத்துக்கு அப்பால் நின்று பேசுங்கள். அவர் முழுவதையும் சொல்லி முடிக்கட்டும். "உங்கள் பிரச்சினை இதுதானே?" என்று அவருடைய சொற்களிலேயே திருப்பிச் சொல்லுங்கள். எது முடியும் என்பதை முதலில் சொல்லுங்கள், முடியாததைப் பிறகு. அவர் வெளியேறும் வழியை மறிக்காதீர்கள். இவ்வளவும் செய்தும் கை ஓங்கினால் விலகிப் போவதே சரி. அப்படி விலகிப் போனவரை முதலாளி கண்டிக்கக் கூடாது.

வைத்தியசாலை ஊழியர்களுக்கு வேறு வழி இருக்கிறதா?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சுகாதார ஊழியர்களில் 8 முதல் 38 வீதமானோர் தொழில் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் உடல் வன்முறைக்கு ஆளாகிறார்கள். 2025 மார்ச்சில் அனுராதபுரம் போதனா வைத்தியசாலையின் பெண் மருத்துவர் ஒருவர், கடமை முடித்துத் தங்குமிடம் திரும்பியபோது கத்தி முனையில் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார். நாடு முழுவதும் மருத்துவர்கள் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கினார்கள். விடுதி அறைக்குப் போகும் பாதை, அதன் விளக்கு, கதவின் பூட்டு ஆகியவை வேலையிடத்தின் பகுதி என்பதை நிர்வாகங்கள் ஏற்க வேண்டும். மருத்துவரின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது தாதியரும், சிற்றூழியரும், வாசலில் நிற்கும் காவலாளியும் மறக்கப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது. முதல் அடி பெரும்பாலும் அவர்களுக்கே விழுகிறது.

உறவினரின் கோபத்தில் ஒரு பகுதி, என்ன நடக்கிறது என்று தெரியாமல் காத்திருப்பதில் பிறக்கிறது. கொழும்பில் அதற்கு மொழியும் காரணமாகிறது: சிங்களம் புரியாத தாய், தமிழ் தெரியாத ஊழியர், நடுவில் உயிர் ஊசலாடும் பிள்ளை. விபத்துப் பிரிவில் தமிழில் விளக்கிச் சொல்ல ஒருவரை எந்நேரமும் வைத்திருப்பது மொழி உரிமை மட்டும் அல்ல, ஊழியரின் உடலுக்கும் பாதுகாப்பு. மரணச் செய்தியை நடைபாதையில் நின்று சொல்லாமல் ஓர் அறைக்குள், இருவராகப் போய்ச் சொல்ல வேண்டும்.

முதலாளியே அடித்தால்? "தகப்பன் மாதிரி, ஓர் அடி அடித்தால் என்ன" என்கிறார்களே?

தகப்பனுக்கும் அந்த உரிமை இல்லை. முதலாளிக்கு எங்கிருந்து வந்தது? ஊரிலிருந்து சிறுவயதில் கூட்டிவந்து, சோறும் இடமும் கொடுத்து, தொழில் பழக்கியவர் என்ற நன்றி உண்மையானது. அந்த நன்றியை அடிக்கு அனுமதியாக மாற்றுவது அநியாயம். வேண்டுமென்று காயப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். சம்பளம் கொடுப்பவருக்கு அதில் விதிவிலக்குக் கிடையாது. மிரட்டுவதும் தனிக் குற்றம்.

தனியாக முறையிடப் பயமாக இருந்தால் சேர்ந்து முறையிடலாம். ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கம் ஒன்றைப் பதிவு செய்ய 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் இடம் தருகிறது.

பாலியல் தொந்தரவுக்குத் தனிச் சட்டம் உண்டா?

உண்டு. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்ட வடிவில், சொல்லாலோ செயலாலோ செய்யப்படும் பாலியல் தொந்தரவைக் குற்றமாக்குகிறது. ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடும் கட்டளையிடலாம். வேலையிடத்தில் அதிகாரத்தில் உள்ளவர் விரும்பத்தகாத விதத்தில் நெருங்குவதை அந்தப் பிரிவின் விளக்கம் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. பொலிஸின் பெண்கள், சிறுவர் பிரிவின் தொலைபேசி 109. பெண்களுக்கான அரச உதவித் தொலைபேசி 1938. வந்த செய்திகளை அழிக்காதீர்கள். படம் பிடித்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

அடி விழுந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

உயிருக்கு ஆபத்தென்றால் 1990ஐ அழைத்து அம்பியூலன்ஸ் கேளுங்கள். கொழும்பில் என்றால் தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவு. என்ன நடந்தது என்று வைத்தியர் கேட்கும்போது "விழுந்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். யார், எங்கே, எதனால் அடித்தார் என்று சொல்லுங்கள், அது பதிவாகட்டும். "விழுந்துவிட்டேன்" என்ற அந்த ஒரு சொல் பிறகு நட்டஈட்டையும் வழக்கையும் விழுத்திவிடும். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கான படிவத்தைப் பொலிஸ் தரும், கேட்டு வாங்குங்கள். காயத்தையும் கிழிந்த உடையையும் படம் எடுங்கள், உடையைக் கழுவாமல் வையுங்கள். கமராப் பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும். அதைப் பாதுகாத்து வைக்கும்படி அன்றே எழுத்தில் கேளுங்கள்.

பொலிஸ் நிலையத்தில் தமிழில் பேசவும் தமிழில் வாக்குமூலம் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. தமிழில் அரச அதிகாரிகளுடன் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை வடக்கு கிழக்குக்கு வெளியேயும் தருகிறது. தமிழ் எழுதத் தெரிந்தவர் இல்லை என்று சொல்லிச் சிங்களத்தில் எழுதினால், முழுவதையும் தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். புரியாத ஒன்றில் கையெழுத்து வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் படி இறங்காதீர்கள்.

சிறு காயங்கள் பற்றிய முறைப்பாடுகள், இரு தரப்பையும் பேசிச் சமரசம் செய்யும் மத்தியஸ்த சபைக்குப் போவதுண்டு. அங்கே இணங்குவது உங்கள் விருப்பம், கட்டாயம் அல்ல. முறைப்பாட்டை வாபஸ் வாங்கும்படி மிரட்டுவது, பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் குற்றம்.

இயந்திரத்தில் கை போனால்தானே தொழிலாளர் நட்டஈடு? அடி வாங்கினால் கிடைக்குமா?

கிடைக்கக்கூடும், பலர் கேட்டுப் பார்ப்பதே இல்லை. 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்படும் விபத்துக் காயத்தைப் பற்றிப் பேசுகிறது. ஒருவர் வேண்டுமென்றே அடித்தது எப்படி விபத்தாகும் என்ற கேள்வி நூறு ஆண்டுக்கு முன்பே எழுந்துவிட்டது. ஊழியருக்குக் கொடுக்க வேண்டிய சம்பளப் பணத்துடன் ரயிலில் போன காசாளர் ஒருவர் கொலை செய்யப்பட்டார். அவருடைய மனைவியின் வழக்கில், இது வேலையினால் வந்த விபத்தே என்று 1910இல் இங்கிலாந்து நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பணத்தைக் கொண்டுபோவதே அந்த ஆபத்தைக் கொண்டுவந்தது. மாணவர்கள் திட்டமிட்டுத் தாக்கி ஆசிரியர் ஒருவர் இறந்த அயர்லாந்து வழக்கில் 1914இல் அன்றைய பிரித்தானியாவின் உச்ச மேன்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபையும் அவ்வாறே முடிவு செய்தது. எங்கள் சட்டம் அதே சட்ட மரபில் வந்தது. ஆகவே, அந்த ஆபத்து உங்கள் வேலையோடு ஒட்டியது என்று காட்டுவதே முக்கியம். பழைய சொந்தப் பகை வேலையிடத்தில் வெடித்தது என்றால் வாதம் பலவீனமாகும்.

2022இல் செய்த திருத்தம் நட்டஈட்டின் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் சேர்த்தது. காயத்தை முதலாளிக்கு உடனே எழுத்தில் அறிவியுங்கள். கையில் ஒரு தொகையைத் தந்து வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

முறையிட்டதால் வேலையை விட்டு நிறுத்தினால்?

வேலை நீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பியுங்கள். வேலை நின்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்தக் காலக்கெடுவைத் தவறவிட்டு வருபவர்களைக் காணும்போது மனம் வலிக்கிறது. அடியும் அவமானமும் தாங்காமல் தானாக விலகியவரும், உண்மையில் விலக்கப்பட்டவர்தான் என்று வாதிடலாம். அதனால் கோபத்தில் "சொந்தக் காரணங்களால்" என்று ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். உண்மைக் காரணத்தை எழுதுங்கள். நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்திலும் முறையிடலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம்.

வீட்டு வேலை செய்பவர்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?

குற்றவியல் சட்டம் முழுவதும் பொருந்தும். கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தாது. இந்த இடைவெளியில்தான் மிக மோசமானவை நடக்கின்றன. 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, கொழும்பில் வேலை செய்த வீட்டிலிருந்து தீக்காயங்களுடன் தேசிய வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு உயிரிழந்தார். மலையகம் முழுவதும் அவருக்காகத் தெருவில் இறங்கியது. ஒரு வீட்டின் மதிலுக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்க மேற்பார்வையாளர் இல்லை, கூட வேலை செய்பவர் இல்லை, கமரா முதலாளியுடையது.

பெற்றோருக்கும், பிள்ளைகளைக் கூட்டிவரும் தரகர்களுக்கும்: வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. படிக்கும் பிள்ளையை அனுப்பாதீர்கள். வயது வந்தவர் போனாலும் சொந்தத் தொலைபேசி, வாரம் ஒரு நாள் வெளியே வரும் உரிமை, அடையாள அட்டை தன் கையிலேயே இருப்பது ஆகிய மூன்றையும் முதலிலேயே பேசி முடியுங்கள். தொலைபேசியை வாங்கி வைக்கும் வீட்டில் வேலைக்கு நிற்க வேண்டாம். சிறுவர் துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் வந்தால் 1929ஐ அழையுங்கள், அயலவரும் அழைக்கலாம்.

கணவர் வேலையிடத்துக்கே வந்து மிரட்டினால் நிர்வாகம் "குடும்பப் பிரச்சினை" என்று ஒதுங்கலாமா?

ஒதுங்கக் கூடாது, வாசலுக்குள் வந்த பிறகு அது எல்லோருடைய பாதுகாப்பும் ஆகிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் தரும் பாதுகாப்புக் கட்டளை, பாதிக்கப்பட்டவர் வேலை செய்யும் இடத்துக்குள் நுழைவதையும் தடுக்க முடியும். அதன் பிரதி ஒன்றை வரவேற்பிலும் காவலாளியிடமும் வையுங்கள். அவருடைய இருக்கையையும் வேலை நேரத்தையும் மாற்றிக் கொடுங்கள், பஸ் தரிப்பிடம் வரைக்கும் ஒருவரைத் துணைக்கு அனுப்புங்கள். வேலையைவிட்டு நிறுத்துவது அவரை இன்னும் ஆழத்தில் தள்ளும். கையில் சம்பளம் இருப்பதால்தான் பல பெண்கள் அந்த வீட்டிலிருந்து வெளியேற முடிகிறது.

கண்ணால் பார்த்தவன் நான். சாட்சி சொன்னால் என் வேலையும் போய்விடுமே?

பயம் நியாயமானது. உடனே பெரிதாக எதையும் செய்யாவிட்டாலும், அன்று இரவே பார்த்ததைத் திகதி, நேரம், யார், என்ன சொன்னார் என்று எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். அடிபட்டவரைத் தனியாக வைத்தியசாலைக்கு அனுப்பாதீர்கள். இரண்டு மூன்று பேர் பார்த்திருந்தால் சேர்ந்தே சாட்சி சொல்லுங்கள். ஒருவரை விலக்குவதுபோல மூவரை விலக்குவது முதலாளிக்கு எளிதல்ல.

காயம் ஆறிவிட்டது, ஆனால் தூக்கம் வரவில்லை, கடைக்குப் போகக் கால் வரவில்லை.

இதுவும் காயம்தான். 1926 என்பது தேசிய மனநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி. முதலாளி செய்யக்கூடியது: சில வாரங்களுக்குக் காசுப் பெட்டியிலிருந்து மாற்றி உள்வேலை கொடுப்பது, திரும்பி வரும் நாளில் பக்கத்தில் ஒருவரை நிறுத்துவது, "இன்னுமா?" என்று கேட்காமல் இருப்பது.

சம்பவப் பதிவேடு வைக்கச் சொன்னீர்கள். அதில் என்ன எழுதுவது?

ஒற்றைக் கோடு போட்ட சாதாரணக் கொப்பி போதும். பக்கங்களுக்கு இலக்கம் போடுங்கள், கிழிக்க முடியாதபடி. அடி மட்டும் அல்ல, கை ஓங்கியது, மிரட்டியது, கதவை உதைத்தது எல்லாம் எழுத வேண்டும். பெரிய சம்பவத்துக்கு முன்னால் சின்னச் சம்பவங்கள் வருவது வழக்கம். உதாரணமாக:

"செவ்வாய், மாலை 6.40. காசுப் பெட்டி அருகே. குடை திருப்ப வந்தவர் பில் இல்லை என்றதும் மேசையில் குத்தினார், வெளியே வா பார்க்கிறேன் என்றார். கடையில் இருந்தது இருவர். முதலாளி வங்கிக்குப் போயிருந்தார். பக்கத்துக் கடை அண்ணன் வந்ததும் போய்விட்டார். காயம் இல்லை. இழப்பு: கல்குலேட்டர் ஒன்று. காரணம் என்று நினைப்பது: பில் இல்லாமல் பொருள் மாற்றலாமா என்று எங்கும் எழுதவில்லை."

கடைசி வரியை எழுத வேண்டியவர் அங்கே நின்ற ஊழியர். முதலாளி அதைத் திருத்தக் கூடாது. மாதத்துக்கு ஒரு தடவை இருவரும் சேர்ந்து வாசித்து, ஒவ்வொரு சம்பவத்துக்கும் எதிரே என்ன மாற்றினோம், எவ்வளவு செலவானது என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆண்டுக் கணக்கை முடிக்க வரும்போது இந்தக் கொப்பியையும் கணக்காளரிடம் கொடுங்கள்.